மாப்பிள்ளை வாங்கித் தந்த கார் நலம்

நன்னிலம் வட்டம்
புரட்டாசி 26, ஞாயிறு

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஜெகன் அவர்களுக்கு, மாமனார் ரெங்கசாமி எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் மனைவி அபிநயா நலம், பிறந்து பத்து நாளான உங்கள் மகள் நலம், மாமியார் மாலதி நலம், கார் நலம். கடைசியாகச் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சிங்கப்பூரில் இருக்கும் உங்களுக்கு யாராவது இந்தக் காலத்தில் தபாலில் கடிதம் போடுவார்களா என்று அபிநயா சிரிக்கிறாள். அவள் போனிலேயே நான் உங்களோடு பேசலாம்தான். எந்த முகத்தோடு பேசுவது?

விஜயதசமி காலையில் நான் உங்களைப் போனில் கூப்பிட்டுப் பேசிய பேச்சு எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "ஏழு மாசத்துல படுத்துக்கிற வண்டியை எவன் உங்க தலையில கட்டினான்? உங்க காரும் வேணாம், நீங்க வாங்கிக் குடுக்குற எதுவும் இந்த வீட்டுக்கு வேணாம். அங்க ஒக்காந்து சாமான் அனுப்பினா புருசன் ஆயிட முடியாது மாப்பிள்ளை" என்று கத்தினேன். நீங்கள் ஏதோ சொல்ல ஆரம்பித்தீர்கள், நான் விடவில்லை. அதன் பிறகு உங்களிடமிருந்து சத்தமே இல்லை. இந்தப் பத்து நாளில் அபிநயாவோடு தினமும் பேசுகிறீர்கள், "அப்பாவைக் கேட்டாரா?" என்று நானும் தினமும் விசாரிக்கிறேன். "இல்லப்பா" என்று சொல்லிவிட்டுக் குழந்தையைத் திருப்பிப் போடுகிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது தகப்பன் மனைப் பலகையில் இல்லாமல் போனால் அதற்கு நான் ஒருவன்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். சாமான்கள் விஷயத்தில் நான் ஏற்கெனவே நொந்துபோயிருந்தவன். இரண்டே வருஷத்தில் இந்த வீட்டில் ஒரு மிக்ஸி, ஒரு டி.வி., போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர், மூன்று போன் எல்லாம் போய்ச் சேர்ந்தன. டி.வி. வந்த அட்டைப் பெட்டி இன்னும் புதுசாகப் பரண்மேல் இருக்கிறது, உள்ளே வந்த டி.வி.தான் இல்லை. ஒவ்வொன்றும் வாரண்டி முடிகிற நாளைக் காலண்டரில் பார்த்து வைத்திருந்து அதற்கு மறுநாள் உயிரை விட்டது. ஆகவே காரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் என்று நான் முடிவு கட்டியதில் என் தவறு பாதி.

மீதிப் பாதிக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்குக் காரைக் கழுவித் துடைத்து, சந்தனம் குழைத்து, குங்குமமும் தயாராக வைத்திருந்தோம். பழைய டிராக்டருக்குப் பொட்டு வைக்க இடம் தேட வேண்டும். இந்தக் காரில் பாருங்கள், முன் பம்பரில் ஆறு, பின் பம்பரில் ஆறு, காசு அளவுக்கு வட்டம் வட்டமாக வரிசை பிடித்து இடம் விட்டிருந்தார்கள். "கம்பெனிக்காரன் நம்ம வழக்கம் தெரிஞ்சவன்" என்று மாலதி மெச்சிக்கொண்டு, பன்னிரண்டு வட்டத்துக்கும் சந்தனத்தைக் கட்டியாக அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். பின்னால் இருக்கும் கேமராவையும் விட்டுவைக்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து எல்லாம் முறையாகத்தான் செய்தோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அபிநயாவுக்கு வலி கண்டது. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பின் சீட்டில் அவளையும் மாலதியையும் ஏற்றி வண்டியை எடுத்தால், ஓர் அடி நகர்ந்து தானே பிரேக் போட்டு நின்று பீப் பீப் என்று அலறுகிறது. எதிரே ஏதோ நிற்கிறதாம், திரையில் சிவப்பாகக் காட்டுகிறது. இறங்கிப் பார்த்தால் ஒரு கோழிகூட இல்லை. பின்னால் எடுத்தேன், பின்னாலும் ஏதோ நிற்கிறதாம். பக்கத்து வீட்டுக் காளியம்மாள் ஓடி வந்து பார்த்துவிட்டு, "நம்ம கண்ணுக்குத் தெரியாதது எதுவோ அதுக்குத் தெரியுதுங்க. ஒங்க அப்பாரு பேத்தியைப் பாக்க வந்து நிக்கிறாரோ என்னவோ" என்றாள். நான் படித்தவன், பத்தாவது வரை. இருந்தாலும் உள்ளே மகள் துடிக்கிறாள். வண்டிக்கு எதிரே வெறும் தரையைப் பார்த்துக் கைகூப்பி, "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறோம், கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டேன். அவர் விடவில்லை. அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டேன்.

பேசி முடித்து அபிநயாவை வண்டியிலிருந்து இறக்க ஓடினேன். போன் நழுவி வாசல் வாய்க்காலில் விழுந்தது. நல்ல நேரம், விதைநெல் மூட்டை இறக்க வந்திருந்த ஜெகபர் அலியின் லோடு ஆட்டோ நின்றிருந்தது. "ஏத்துங்க அண்ணே, பதினஞ்சு நிமிசத்துல கொண்டு சேக்குறேன்" என்றார் அவர். மெத்தையை விரித்து அபிநயாவை ஏற்றினோம். அதற்குள் காளியம்மாள் போனை வாய்க்காலிலிருந்து எடுத்துக் கொடுத்து, "அரிசிக்குள்ள பொதைச்சு வையுங்க, ஈரத்தை இழுத்துரும்" என்றாள். வீட்டைப் பூட்டியாகிவிட்டது. அரிசிக்கு எங்கே போவது? இறக்கி வைத்திருந்த மூட்டை ஒன்றைப் பிரித்து உள்ளே செருகிக் கட்டிவிட்டு வண்டியில் தாவினேன். நெல்லுக்குள் இருப்பதும் அரிசிதானே.

பகல் பன்னிரண்டு இருபதுக்குக் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்று நர்ஸ் வந்து சொன்னார். உயிர் திரும்பி வந்தது என்றால் அதுதான். ஜெகபர் அலி எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார்.

ஊரில் காளியம்மாள் பொறுப்பானவள். தாளடிப் பயிரின் நாற்றங்கால் தள்ளிப்போகக் கூடாது என்று மறுநாளே விதை மூட்டைகளைக் குளத்தில் ஊறப் போட்டுவிட்டாள். என் போனும் ஒரு நாள் முழுக்க ஊறி, பிறகு வைக்கோல் மூட்டம் போட்டு முளை கட்டும்போதும் மூட்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. விதைக்கும்போது கையோடு வந்தது, சார்ஜர் ஓட்டையில் ஒரு நெல் முளைவிட்டிருந்தது. போன் கடைக்காரர், "தண்ணியில எவ்ளோ நேரம் சார் இருந்துச்சு?" என்று கேட்டார். "ஒரு நாள்தாங்க, அப்புறம் மூட்டம் போட்டோம்" என்றேன். அவர் வாரண்டி அட்டையை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

ஐந்தாம் நாள் கார் கம்பெனியிலிருந்து பரிதி என்ற பெண் வந்தாள். லேப்டாப்பை மாட்டி அரை மணி நேரம் பார்த்தாள். பிறகு முன்பக்கம் போய்க் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயா, இந்த வட்டமெல்லாம் என்னன்னு நெனச்சீங்க?"

"பொட்டு வைக்கிற எடம்."

"சென்சார்ங்கய்யா. எதிர்ல ஏதாவது நிக்குதான்னு பாக்குற கண்ணு. அதுமேல சந்தனம் காஞ்சு கெடந்தா, சொவரு நிக்குதுன்னுதானே அது நெனைக்கும்?"

ஈரத்துணியால் பன்னிரண்டையும் துடைத்தாள். கார் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தது, ஒரு முனகல் இல்லை. பழுதும் இல்லை, உங்கள் தேர்விலும் குறை இல்லை. எனக்கு வந்த நிம்மதியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தார் வாழைப்பழம் கொடுத்தனுப்பினேன். ஒரு விஷயம் மட்டும் நம்மோடு இருக்கட்டும். மாலதியிடம் ஏதோ ஒயர் பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தான் வைத்த பொட்டால்தான் மகள் லோடு வண்டியில் போனாள் என்று தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள்.

நான் பேசியதை மனதில் வைக்காமல் பேர் வைக்க வந்து சேருங்கள். உங்கள் ஊர்த் திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி உங்களுக்கு நூறு வயதும், நீங்கள் வாங்கும் சாமான்களுக்கு வாரண்டி தாண்டிய வயதும் கொடுக்கட்டும்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார் ரெங்கசாமி

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் பெட்டியும் கையுமாக வாசலில் வந்து நிற்கிறீர்கள். அபிநயாவுக்கு முன்பே தெரியுமாம், எனக்கு மட்டும் சொல்லவில்லையாம். குழந்தையை வாங்கிய கையோடு எல்லோர் எதிரிலும், "போன்ல பீப் சத்தம் கேட்டதுமே தெரியும் மாமா. எங்க அம்மாவும் போன வருசம் இப்படித்தான் சென்சார்ல சந்தனம் வெச்சாங்க. தொடைங்க, தொடைங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், நீங்கதான் விடல" என்று சிரித்தீர்கள். கோபமே இல்லாதவரிடம் நாலு பக்கம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னது மாலதி காதிலும் விழுந்துவிட்டது. அவள் அழவில்லை. "நான் சாமி ரூம்ல இருந்தேன், வண்டிக்கு வெச்சது நீங்கதானே?" என்றாள். ஆமாம். மேலே மாலதி என்று எழுதியிருக்கும் இடத்தில் ரெங்கசாமி என்று படித்துக்கொள்ளவும். கம்பெனிக்காரனை மெச்சியதும் நான்தான், தாங்க முடியாமல் ஒயர் கதை சொன்னதும் நான்தான். அன்று உங்களை ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் என் மகள் சொந்தக் காரில் போயிருப்பாள். அதை நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் இந்தக் கடிதத்தை உங்கள் பெட்டிக்குள் வைக்கிறேன்.