சாவிச் சித்தர் சொன்ன விலை

எங்கள் கடை வரிசையில் கடையை விற்க நினைத்தவர்கள் எல்லாம் முதலில் சாவிச் சித்தரிடம்தான் ஓடினார்கள். கடைச் சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வார், கண்ணை மூடுவார், எல்லோர் முன்னாலும் விலை சொல்வார். வரவு செலவு கேட்க மாட்டார். கடையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். ஞானிக்கு எதற்கு அந்தச் சிரமம்? மாடிப்படி முழுக்கச் செருப்பு. ஹார்டுவேர்க்காரர் இரண்டு கடைக்கும் இரண்டு சாவியோடு வந்திருந்தார்.

அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். குடும்பத்தின் முதல் பட்டதாரி. அதுவும் வணிகவியல்.

அப்பாவின் சலவைக்கடையை விற்றாக வேண்டும். நீராவியில் நின்று நின்று அவருக்கு நெஞ்சு கெட்டுவிட்டது; இனி நிற்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த தெருத் தையல்காரர் வாங்கத் தயாராக இருந்தார். மூன்று வருட லாபம், அதோடு மெஷின்களின் இன்றைய விலை, ஆகப் பத்து லட்சம். என் கணக்கும் அதேதான். சித்தர் முஷ்டியைத் திறந்து நாற்பது என்றார். என் பட்டம் அங்கேயே வாயை மூடிக்கொண்டது. சொல்லும் விலையில் நூற்றுக்கு ஒன்று அவருக்குக் காணிக்கை. அப்படியிருக்க யாருக்குமே ஏன் குறைந்த விலை வருவதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. சதவீதம் பரீட்சையோடு போய்விட்டது போலும்.

ஒரு நிபந்தனையும் உண்டு. நாற்பதுக்கு ஆள் வரும்வரை சாவி பூட்டில் நுழையக் கூடாது. நுழைந்தால் ஏறிய விலை இறங்கிவிடுமாம். மதிப்பை உயர்த்துவதற்காகக் கடையை இழுத்து மூடிய மேதைகள் நாங்கள். வாடிக்கையாளர்கள் துணி மூட்டையோடு வேறு கடை தேடிப் போனார்கள்.

தையல்காரர் வந்து பூட்டைப் பார்த்தார். "துணி வர்ற கடைக்குத்தாம்மா அந்த விலை சொன்னேன். இப்ப இது வெறும் மெஷின். இந்த வாரம் திறக்கலேன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

அப்பாவிடம் சொன்னேன். இருமி முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சித்தர் சொன்னது தப்பா இருக்காது. படிச்ச புள்ள, நீயே நம்பினியே."

அதுதான் சுட்டது. அவர் நம்பியது சித்தரை அல்ல, என்னை.

மறுநாள் வேறொரு சாவியோடு போனேன். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் சித்தரின் மைத்துனர் வழக்கம்போல அன்பாக விசாரித்தார். மாமாவின் ஆஸ்பத்திரி, பெரிய கட்டடம் என்றேன். செம்போடு உள்ளே போய் வந்தார். பிறகு சித்தர் சாவியை வாங்கிக் கண்ணை மூடினார்.

"காலையில கூட்டம் தாங்காது. அவசரமா வர்றாங்க, நிம்மதியா போறாங்க. ரெண்டு கோடி."

பையிலிருந்து ஒரு மரக்கட்டையை எடுத்து, அந்தச் சாவியோடு சேர்த்துக் கட்டி, தூக்கிக் காட்டினேன். ஈரக் கைகள் பட்டுப் பட்டுக் கறுத்த கட்டை. கடை வரிசைக்குப் பின்னால் இருக்கும் பொதுக் கழிப்பறையின் சாவிக்கட்டை. அதற்காகக் காத்து நிற்காதவர் அந்த அறையில் எவருமில்லை. மருந்துக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். இன்றைக்கு அலைகள் சரியில்லை என்று சித்தர் முனகுவதற்குள் மைத்துனர் செம்போடு படியிறங்கிவிட்டார். காணிக்கைப் பெட்டியை மட்டும் இறங்க விடவில்லை நாங்கள்.

ஹார்டுவேர்க்காரர் என்னைத் தனியே அழைத்து, "அந்த ரெண்டு கோடியில நமக்கும் பங்கு வருமா?" என்று கேட்டார்.

அன்றே கடையைத் திறந்தேன். பாதி வாடிக்கை போயிருந்தது. தையல்காரர் எட்டுக்குத்தான் எடுத்தார். அப்பா நீராவி இல்லாத இடத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டார்.

பூட்டிப் போட்டால் கடைக்கு மட்டுமா விலை இறங்கும்? மூளைக்கும்தான். வாசலில் பட்டத்தை மாட்டி வைத்திருந்தாலும்.