குடைப் பாட்டின் ஆபாசம்

"இதுல ஆபாசம் எங்கய்யா இருக்கு?"

ஆசிரியர் க்ளெப் மார்கோவிச், ஆங்கிலப் பாட்டை மொழிபெயர்த்த தாளை மேஜையில் எறிந்தார். எதிரே நின்ற யெஃபிம்தான் சோவியத் ரஷ்யாவின் வரோனெஷ் நகர இளைஞர் பத்திரிகையில் ஆங்கிலம் தெரிந்த ஒரே ஆள். அதுவும் அகராதி பக்கத்தில் இருந்தால்தான்.

"இல்லீங்க தோழர். மழை வருது, ஒரே குடையில வீட்டுக்குப் போவோம்னு பாடுறான். அவ்வளவுதான்."

"குடைக்கா நம்ம பசங்க திருட்டு ஒலிநாடா போட்டு இடுப்பை ஆட்டுறாங்க? மேற்கின் சீரழிவுன்னு தலைப்பு அச்சுக்குப் போயாச்சு. சீரழிவைக் கொண்டு வா. உன் வீட்டு மனுவுல கையெழுத்துப் போடப்போறவன் நான்."

யெஃபிம் தாளைப் பொறுக்கிக்கொண்டான். அரசு தரும் தனி வீட்டுக்காகப் பதினோரு வருடமாக வரிசையில் நிற்கிறான். இப்போது இருப்பது ஒற்றை அறை. நடுவில் திரை, அந்தப் பக்கம் மாமியார். அங்கே இருந்துகொண்டு சீரழிவை எங்கே கற்பது?

அலுவலகத்தில் பூட்டிய அலமாரி ஒன்று உண்டு. படுக்கையறைச் சந்தேகம் கேட்கும் வாசகர் கடிதங்களை, பெயரை நீக்கித் தட்டச்சு செய்து அதில் போட்டுவிடுவார்கள். பதில் எழுதுவதில்லை. சோவியத் இளைஞர்களுக்கு அப்படிச் சந்தேகமே வராது என்பது பத்திரிகையின் கொள்கை.

ஒன்றை உருவினான். 'என் கணவர் விளக்கை அணைக்காமல் என் பக்கத்தில் வந்ததே இல்லை. என்னை முழுசாகப் பார்க்க அவருக்கு ஆசை வராதா?'

இப்படியும் ஒரு மரக்கட்டை இருப்பானா என்று சிரித்துக்கொண்டே, பாட்டிலிருந்து குடையைத் தூக்கிவிட்டு 'விளக்கை அணைக்காதே, என்னை முழுசாய்ப் பார்' என்று எழுதினான்.

பத்திரிகை பத்து மணிக்குள் விற்றுத் தீர்ந்தது. மாலைக்குள் டிராக்டர் தொழிற்சாலை உணவுக்கூடத்தில் அதைக் கிட்டாரோடு பாடினார்கள். ரஷ்ய மொழியில்.

"மறுப்பு எழுதுய்யா," என்றார் ஆசிரியர். "மிச்சப் பாட்டையும் போட்டுக் கிழி. ஜனங்களுக்கு அருவருப்பு வரணும்."

மிச்சத்துக்கு மேலும் நான்கு கடிதங்கள் தேவைப்பட்டன. யாருக்கும் அருவருப்பு வரவில்லை. வீட்டில் கஞ்சி கிண்டியபடி மனைவி லிதியாவே அதை முணுமுணுத்தாள்.

"நீயுமா?" என்று அதட்டினான். அவள் நிறுத்திவிட்டாள்.

வியாழக்கிழமை கட்சிக் குழுவிலிருந்து ஆள் வந்தார்.

"அசல் இசைத்தட்டை மாஸ்கோவுல கேட்டுப் பார்த்துட்டாங்க, தோழர் யெஃபிம். அதுல குடைதான் இருக்கு. பாதகமில்லை, நம்ம அரசு இசைத்தட்டுக் கம்பெனியே அதை வெளியிடப்போகுது. அப்ப இந்த அசிங்கத்தை எழுதினது யாரு?"

யெஃபிம் ஆசிரியரைப் பார்த்தான். ஆசிரியர் ஜன்னலைப் பார்த்தார்.

வேலை போயிற்று. வீட்டு வரிசையிலிருந்தும் பெயரை அடித்துவிட்டார்கள். பதினோரு வருடம் ஒரே பேனாக் கோட்டில் போனதை நினைத்து, வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"எவளோ ஒருத்தி, லிதியா. புத்தி கெட்டவ. அவ எழுதின கடிதத்தால நம்ம வாழ்க்கையே போச்சு."

லிதியா கரண்டியைக் கீழே வைத்தாள். திரைக்குப் பின்னால் அம்மாவின் கட்டில் கிறீச்சிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பதில் போடுவீங்கன்னுதான் எழுதினேன். பாட்டாப் போடுவீங்கன்னு நினைக்கலை."