ஆறு ஸ்பூன் உப்பு

ஒருவனுக்கு ஒரு விஷயம் அடியோடு தெரியாது என்றால் ஊருக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. அரைகுறையாகத் தெரிந்து, கையில் ஒரு கலர் சாக்பீஸும் கிடைத்துவிட்டால்தான் ஆபத்து. எனக்கு இருபத்து மூன்று வயதில் இரண்டும் சேர்ந்து கிடைத்தன.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்பா ரயில்வே வேலைக்காக மைசூருக்கு வந்தவர். நான் அங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி, பி.காமை எப்படியோ முடித்து, மண்டி மொஹல்லாவை ஒட்டியிருந்த ஒரு ஊதுபத்திக் கம்பெனியில் டைம் கீப்பராகச் சேர்ந்திருந்தேன். காலையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டு, யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று குறிக்க வேண்டும். நாற்பது பேர் இருந்தார்கள், முக்கால்வாசி பெண்கள். கன்னடக்காரர்களும், ஹனூர் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்களும் கலந்திருந்தார்கள். கூப்பிடும் வேலை காலை எட்டேகாலுக்கே முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் நான் அறிவாளியாக இருப்பேன்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர். ஒரு வருஷம் கடற்கரைப் பக்கம் வெள்ளம் என்று கேள்விப்பட்டதும் மனசு தாங்காமல் ஒரு லாரி நிறையக் கம்பளி ஏற்றிக்கொண்டு போனார். அங்கே இருந்த புழுக்கத்தில் கம்பளியைப் பார்த்ததற்கே ஜனங்களுக்கு வியர்த்ததாம். ஒரு அம்மாள் மட்டும் ஒன்றை வாங்கிக்கொண்டு, "தீப்பெட்டி கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டாளாம். (ஊதுபத்திக் கம்பெனி முதலாளியிடம் தீப்பெட்டி இல்லை!) திரும்பி வந்தவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, உதவி செய்ய மனசு மட்டும் போதாது, விவரமும் வேண்டும், இனிமேல் நம் கம்பெனியில் தினம் ஒரு நிவாரணக் கேள்வி என்றார். காலையில் கேட் பக்கத்துக் கரும்பலகையில் கேள்வி, மறுநாள் காலையில் பதில். சரியாகச் சொன்னவருக்கு ஒரு பாக்கெட் ஊதுபத்தி பரிசு. நாள் முழுக்க ஊதுபத்தி உருட்டிக் கைரேகையில்கூட மல்லிகை வாசனை வீசும் பெண்களுக்கு ஊதுபத்தியையே பரிசாகக் கொடுக்கும் யோசனை அவருடையதுதான், என்னுடையது அல்ல.

முதலாளி எங்கிருந்தோ ஒரு சின்னக் கையேடு வாங்கி வந்து கொடுத்தார். அதுதான் என் மொத்தப் படிப்பு. முகாமில் கழிப்பறையைக் கிணற்றுக்கு மேட்டில் தோண்டுவதா, பள்ளத்தில் தோண்டுவதா? சமைக்க இடம் இல்லாதவர்களுக்கு அரிசி கொடுக்கலாமா, அவல் கொடுக்கலாமா? மேலே கன்னடத்தில், கீழே தமிழில், ஓரமெல்லாம் பூ வரைந்து எழுதுவேன். இரண்டே மாதத்தில் நான் நேரில் பத்து வெள்ளம், இரண்டு பூகம்பம் பார்த்தவன் மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

பேக்கிங் செக்ஷனில் மரகதக்கா என்று ஒருவர். ஹனூர்க்காரர், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும், தினம் தவறாமல் பதில் எழுதி, கரும்பலகைக்குக் கீழே இருந்த பெட்டியில் போடுவார். ஒருநாள், 'வெள்ளத்தில் தப்பியவர்கள் முகாமுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்டிருந்தேன். கையேட்டின்படி குடிதண்ணீர். அக்கா எழுதியிருந்தது, 'பேரு சொல்லிக் கூப்பிட்டு, யாரு வந்தாங்க யாரு வரலீன்னு பாக்கோணும்.' நான் சிவப்பு மையில் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். தினமும் அதையே செய்து சம்பளம் வாங்குகிற எனக்கு அது உறைக்கவே இல்லை பாருங்கள்.

அந்த ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பக்கத்துச் சந்துகளில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. ஏழெட்டு வீடுகளில் குழந்தைகளுக்கு வாந்தியும் பேதியும் என்று செய்தி வர, முதலாளி, "அதைப் பற்றியே கேளு" என்றார். வாந்திபேதி கண்ட குழந்தைக்கு உடனே வீட்டிலேயே கரைத்துக் கொடுக்க வேண்டியது என்ன என்று வெள்ளிக்கிழமை கேட்டேன். சனிக்கிழமை காலை பதில் எழுதினேன். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். சர்க்கரை, தலை தட்டி ஆறு சின்ன ஸ்பூன். உப்பு, அரை ஸ்பூன். இதுதான் சரியான பதில். இதை நான் எழுதவில்லை. ஆறு ஸ்பூன் உப்பு, அரை ஸ்பூன் சர்க்கரை என்று எழுதினேன்.

எப்படி எழுதினாய் என்று கேட்டால், டம்ளர் படம் வரைவதில் மும்முரமாக இருந்தேன் என்பதுதான் உண்மை. அதற்கு மேலும் ஒன்று உண்டு. அதுவரை நான் சமையலறைக்குள் போனது தட்டோடுதான். உப்பும் சர்க்கரையும் எனக்கு இரண்டு வெள்ளைப் பொடிகள். ஆறு ஸ்பூன் உப்பு எவ்வளவு கரிக்கும் என்று என் நாக்குக்குத் தெரியாது. தமிழில் செய்த தப்பைக் கன்னடத்திலும் பிசகாமல் மொழிபெயர்த்தேன். முதலாளி வந்து படத்தைப் பாராட்டி, எல்லோரும் இதைக் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோய் அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள் என்று உத்தரவும் போட்டுவிட்டார். நாற்பது பேரும் வரிசையில் நின்று எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஒரு பெரிய மனிதனைப் போல.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கே வயிறு லேசாகக் கடமுடா என்றது. அம்மாவின் ஓமத் தண்ணீரைக் கௌரவமாக மறுத்துவிட்டு, என் மருந்தை நானே கரைத்து ஒரு மடக்கு குடித்தேன். அடுத்த நொடி அது சமையலறை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் துளசிச் செடி வரை போய் விழுந்தது.

"என்னடா கலந்தே?" என்றாள் அம்மா.

"ஆறு ஸ்பூன் உப்பும்மா. புக்குல இருக்கு."

"எந்தப் படுபாவி எழுதின புக்கு?"

கையேட்டை எடுத்துப் பார்த்தேன். புக்கு எழுதியவர் பாவம் ஒன்றும் செய்யவில்லை. நாற்பது பேர், நாற்பது காகிதம். பேதியில் துவண்டு கிடக்கும் குழந்தைக்கு அந்தத் தண்ணீரைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அதே கையேடு அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தது. உப்பு கூடினால் உயிருக்கே ஆபத்து.

கம்பெனிக்கு ஓடி, பதிவேட்டை எடுத்துக்கொண்டு, அப்பாவின் சைக்கிளில் கிளம்பினேன். கொட்டுகிற மழை. பதற்றத்தில் பதிவேட்டு வரிசைப்படியே போனேன். கேட், மாவு கலக்குகிறவர்கள், உருட்டுகிறவர்கள், கடைசியில் பேக்கிங். (ஒரே சந்துக்கு நாலு தடவை போனேன். தெரு வாரியாகப் போகலாம் என்று ஒரு பி.காமுக்குத் தோன்றவில்லை.) முதலில் வாட்ச்மேன் நஞ்சய்யா வீடு. என் பதிலைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, கீழே ஊதுபத்தி வேறு ஏற்றியிருந்தார். நான் பாய்ந்து அதைக் கிழித்தேன்.

"பன்னி ஸ்வாமி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி, அவர் நிதானமாக முக்காலியை நகர்த்திப் போட்டார். நான் உட்காராமல் நின்றபடியே தப்பைச் சொல்லி, புதிதாக எழுதிக் கொடுத்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு டம்ளர் காபியைக் குடிக்க வைத்துத்தான் விட்டார். அடுத்த வீட்டிலும் அப்படியே. சுவரில் இருப்பதைக் கிழிப்பேன், வேறு எழுதிக் கொடுப்பேன், தலையைத் துவட்டத் துண்டு வரும், பின்னாலேயே காபி வரும். ஒரு வீட்டில் மோர், இன்னொரு வீட்டில் சுக்குத் தண்ணீர். எல்லோரும் என்னைப் பார்த்து ஒரு மாதிரி அன்பாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

கடைசி வீடு மரகதக்கா வீடு. பூட்டியிருந்தது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "கொழந்தைக்கு நேத்து சாயங்காலத்திலிருந்து வாந்தி. காத்தால பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். அந்த வாசலை அதுவரை மூன்று தடவை கடந்து போயிருந்தேன்.

அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். குமரேசன், மூன்று வயது. சம்பள நாளில் அம்மாவோடு வந்து என் மேஜையில் ஏறி உட்கார்ந்துகொண்டு ரப்பர் ஸ்டாம்பைத் தன் வயிற்றில் குத்திக்கொள்கிறவன். ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படி மிதித்தேன் என்று எனக்கு நினைவில்லை. அழுதுகொண்டே மிதித்தேன் என்பது மட்டும் தெரியும்.

குழந்தைகள் வார்டு வராந்தாவில் மரகதக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் குமரேசன். பக்கத்தில் நர்ஸ். அக்கா ஒரு டம்ளரிலிருந்து ஸ்பூனால் அவனுக்கு எதையோ ஊட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! குடுக்காதீங்க! அது விஷம்!" என்று கத்திக்கொண்டே போய் டம்ளரைத் தட்டிவிட்டேன்.

டம்ளர் பறந்தது. அதில் இருந்தது முழுவதும் நர்ஸின் வெள்ளைப் புடவை மேல் விழுந்தது. வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"யாரப்பா நீனு? தலை கெட்டிதெயா?" என்றார் நர்ஸ். அப்போது நான் இருந்த கோலத்துக்கு, புத்தி கெட்டுவிட்டதா என்பது நியாயமான கேள்விதான்.

"அய்யோ, திட்டாதீங்க சிஸ்டர். இது நம்ம டைம் ஆபீஸ் தம்பிங்க" என்று அக்கா என்னை அடையாளம் காட்டினார். பிறகு என்னிடம், "ஏனுங் தம்பி, இப்படி நனைஞ்சுட்டு வந்திருக்கீங்க?"

"அக்கா, போர்டுல நான் மாத்தி எழுதிட்டேன். உப்பு ஆறு இல்ல, சர்க்கரைதான் ஆறு. நீங்க அதையா குடுத்தீங்க?"

அக்கா சிரித்தார். "கொழந்தைக்குக் குடுக்கறதை வாயில வெச்சுப் பாக்காம குடுப்பாங்களா? ஒரு சொட்டு நாக்குல வெச்சேனுங்க. கொமட்டிக்கிட்டு வந்துச்சு. சரி, தம்பி மாத்திப் போட்டுட்டாருன்னு நானே திருப்பிக் கலக்கிக்கிட்டேன். குழாயடியில எல்லாத்துக்கும் நேத்தே சொல்லிட்டேன், அவங்கவங்க காயிதத்துல திருத்திக்கிட்டாங்க."

"எல்லாருக்கும் தெரியுமா? நான் இப்ப வீடு வீடாப் போனேனே, யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே!"

"அத்தனை மழையில வந்தவருகிட்ட எப்படிங்க சொல்றது?"

நான் கிழித்துப் போட்டதெல்லாம் திருத்திய காகிதங்கள். ஒன்றைக்கூட நான் படித்துப் பார்க்கவில்லை.

"ராத்திரி பூரா அந்தத் தண்ணிதானுங்க குடுத்தேன். காச்சலும் சேந்துக்கிச்சு, அதான் கூட்டிட்டு வந்தேன். அதைக் குடுத்ததாலதான் கொழந்தை தாக்குப் பிடிச்சுதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க எழுதிப் போடலீன்னா இப்படி ஒண்ணு குடுக்கோணும்னே எனக்குத் தெரியாதுங்க தம்பி. பேஜார் பண்ணிக்காதீங்க."

வசை வாங்கத் தயாராக வந்தவனுக்கு நன்றி கிடைத்தால் தாங்காது. அப்படியே தரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். நர்ஸ் என்னைப் பார்த்தார், ஈரப் புடவையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். இன்னொரு டம்ளர் கொண்டு வந்து என் கையில் கொடுத்து, குடி என்று சைகை காட்டினார். ஆறு ஸ்பூன் சர்க்கரையும் அரை ஸ்பூன் உப்பும் சரியாகக் கலந்த தண்ணீரை வாழ்க்கையில் முதல்முறையாகக் குடித்தேன். நான் உதவி செய்யக் கிளம்பிய அன்று துண்டு கொடுத்தார்கள், காபி கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், கடைசியில் மருந்தும் கொடுத்தார்கள். நான் யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. அந்த மனிதர்களை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை கரும்பலகையில் சரியான பதிலை எழுதி, கீழே 'தப்பு என்னுடையது' என்று இரண்டு மொழியிலும் எழுதினேன். முதலாளி படித்துவிட்டு என் தோளில் கை வைத்து, "நான் கம்பளி, நீ உப்பு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து எந்தப் பதிலும் மரகதக்கா பார்க்காமல் போர்டு ஏறவில்லை. நான் சிவப்பு மையில் அடித்த அந்தப் பழைய பதிலுக்கும் பரிசு கொடுத்தோம். ஊதுபத்தியைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

என் கல்யாணத்துக்கு வந்த அக்கா, தாலி கட்டிய சூட்டோடு என் மனைவியிடம் முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் எதை அடித்துப் பேசினாலும், "வாயில வெச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசினாலும் அதே கேள்விதான். என் பெண்ணும் கேட்கிறாள்.

சில வருஷங்களுக்கு முன் ஹனூரில் குமரேசனுக்குக் கல்யாணம். பந்தி ஆரம்பிக்கும் முன் மரகதக்கா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு கரண்டி பாயசத்தை நீட்டினார். "தம்பி சரின்னு சொன்னாத்தானுங்க பந்தி போடுவோம்."

சமையல்காரர்கள் வரை எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது, ஒரே சிரிப்பு. பட்டு வேட்டியில் ஆறடி உயரத்துக்கு நின்ற மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தான். நான் பாயசத்தை வாயில் வைத்தேன். அவனை நிமிர்ந்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

என் மனைவி மெதுவாகப் பக்கத்தில் வந்து கேட்டாள்.

"ஏங்க, உப்பா?"