இதென்ன பிரமாதம்!

எதைப் பார்த்தாலும் "இதென்ன பிரமாதம், நானே செஞ்சிடுவேன்" என்கிற மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாதென்று மட்டும் சொல்லாதீர்கள். பாலம் கட்டினாலும் சொல்வார், பாட்டுப் பாடினாலும் சொல்வார். பல் டாக்டர் அவர் வாயைப் பிளந்து வேலை பார்க்கும்போது மட்டும் சொல்ல மாட்டார். அதுவும் அப்போது பேச முடியாததால்!

நம்மவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேலாளர். அவர் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று விழுந்து வருஷக்கணக்காகிறது. உள்ளே போகிறவர்கள் உரக்கப் பாட்டுப் பாடித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். தச்சரைக் கூப்பிட விடுவாரா? "அஞ்சு நிமிஷ வேலை, நானே செஞ்சிடுவேன்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி அவரை நகரத்துச் சிற்பப் பூங்காவுக்கு அழைத்துப்போனார். இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவே துண்டு விரித்தாற்போல் ஒரு புல்வெளி, அதில் ஏழெட்டுச் சிற்பங்கள். ஒன்று மனைவியின் தங்கை செய்தது. வெல்டிங் புகையில் கண் சிவந்து, "உருப்படியா ஒரு வேலை பாரேன்" என்று வீட்டார் அத்தனை பேரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டு, இரண்டு வருஷம் பாடுபட்டு அவள் ஊர் பார்க்க வைத்த முதல் சிற்பம். நம் வீட்டு மனிதர் ஒருவராவது நல்ல வார்த்தை சொல்ல மாட்டாரா என்று காலையிலிருந்தே அதன் பக்கத்தில் காத்து நின்றாள்.

வாசலிலேயே மனைவி கெஞ்சினார். "உங்க கால்ல வேணா விழறேன். அவ சிற்பத்துக்கு முன்னாடி மட்டும் அந்த வார்த்தையைச் சொல்லிடாதீங்க."

"நான் என்ன சின்னப் பிள்ளையா? சொல்ல மாட்டேன், போதுமா?"

வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகவே மற்ற சிற்பங்களிடம் மொத்தத்தையும் கொட்டித் தீர்த்தார். ஓட்டை விழுந்த கல்லா? "ஒரு ட்ரில் இருந்தா போதும், நானே செஞ்சிடுவேன்." தலையில்லாத வெண்கலக் குதிரையா? "தலை வரலை, அப்படியே விட்டுட்டான்." பக்கத்தில் நின்று ரசித்துக்கொண்டிருந்த தம்பதி மெல்ல நழுவினார்கள்.

கடைசியில் தங்கையின் சிற்பம். எதிர்க்காற்றில் குடையோடு குனிந்து நடக்கும் ஒரு பெண், முழுக்க இரும்புத் தகட்டில். தங்கை அவர் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு அத்தான்?"

வாயைத் திறந்தார். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். வேறு வார்த்தை தேடினார். பாவம், இந்த வயதுவரை வேறொன்றைச் சேர்த்துவைக்கவில்லை. மனைவி கண்ணை உருட்டினார்.

"நல்லா இருக்கும்மா."

தங்கையின் முகம் மலர்ந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அவர் அவரா?

"ஆனா, இதுக்கா ரெண்டு வருஷம்?"

அவள் சிரிக்கப் பார்த்தாள்; வரவில்லை. குடைமேல் இல்லாத தூசியைத் தட்டுவதுபோல் திரும்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் மனைவி நாலடி முன்னாலேயே நடந்தார். அவருக்கோ பெருமை தாங்கவில்லை. "பாத்தியா? அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லையே!"

உங்களுக்கும் கோபம் கோபமாக வருகிறது, இல்லையா? அவருடைய இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பெண்ணிடம் இதமாக நாலு வார்த்தை சொல்லியிருப்பீர்கள். அதென்ன பிரமாதம், அல்லவா?

வாருங்கள் அத்தான், உட்காருங்கள்.