பேய் தின்ற நூடுல்ஸ்

போஷானில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அன்பு அக்கா வாய்-லானுக்கு, ஹாங்காங்கிலிருந்து தங்கை சுக்-ஹான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே அத்தானும் அவருடைய முழங்காலும் நலம் என்று நம்புகிறேன்.

இத்தனை வருஷமாக நான் பேயாக நடித்த ஒரு படத்தைக்கூட நீ பார்த்ததில்லை. "கூடப் பொறந்தவ செத்துக் கெடக்கறத டிக்கெட் வாங்கிப் பாக்கணுமாடி?" என்று கேட்டாய். நியாயம்தான். ஆனால் இந்தப் படத்துக்கு நீ தாராளமாகப் போகலாம், ஏனென்றால் உங்கள் ஊருக்கு வரும் பிரதியில் நான் சாகவில்லை. உங்கள் சீனப் பெருநிலத்துத் தணிக்கையில் பேய்க்கு இடமில்லை, உங்கள் பக்கம் ஓடாத படத்துக்கு இங்கே முதல் போட ஆளில்லை, ஆகவே எங்களுக்கு ஒரு முடிவு, உங்களுக்கு ஒரு முடிவு என்று எடுத்தார்கள். உங்களுடையதில் நான் தலைவிரிகோலமாகக் கிணற்றிலிருந்து ஏறி வந்து கதாநாயகன் கழுத்தைப் பிடிக்கும்போது ஒரு டாக்டர் ஓடி வந்து, இவள் பேயில்லை, மாத்திரை சாப்பிட மறந்தவள் என்கிறார், டாக்டர் யார் தெரியுமா, நம்ம லாம் அண்ணன்தான், போன படம் வரை மஞ்சள் அங்கியும் மரவாளுமாக என்னை விரட்டிய மந்திரவாதி, பேயை அடக்க மந்திரத் தாள் ஒட்டிய பழக்கத்தில் மருந்துச் சீட்டை என் நெற்றியில் ஒட்டிவிட்டார்.

தயாரிப்பாளர் குவோக் இன்னும் மேல். பேயே கிடையாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கையோடு, படப்பிடிப்பின் முதல் நாள் முழுப் பன்றியை வாட்டிப் படைத்து, அக்கம்பக்கத்து ஆவிகளிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று கும்பிட்டார். சாகிற வேஷத்துக்குத் தோஷம் கழியச் சிவப்பு உறையில் பணம் தருவார்களே, அதைக் கேட்டேன்.

"நீதான் சாகலையேம்மா."

"அவங்களுக்குத்தான் சாகல. நம்ம ஊருக்குச் செத்துட்டேனே, சார்."

யோசித்துவிட்டுக் கொடுத்தார்.

இனிதான் விஷயமே. கடைசிக் காட்சியில் குணமாகி வீடு திரும்பி, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கிண்ணம் வான்டன் நூடுல்ஸ் சாப்பிடுகிறேன். சினிமாவில் எனக்குக் கிடைத்த முதல் சாப்பாடு. பேய்க்கு யார் சோறு போடுகிறார்கள்? வேண்டுமென்றே தப்புச் செய்து, மறுபடி எடுக்க வைத்து, இன்னொரு கிண்ணமும் வாங்கிவிட்டேன். முகத்தில் வெள்ளைப் பூச்சு இல்லாததால், சிரித்தால் அப்படியே அம்மா. நீ அதைப் பார்க்க வேண்டும் அக்கா. எனக்கு வேறொரு ஆசையும் இல்லை.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வாசலை நல்லது மட்டும் தட்டட்டும்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் தங்கை,
சுக்-ஹான்

பி.கு.: கடித உறையை ஒட்டப்போகும்போது குவோக் கூப்பிட்டார். பைத்தியம் என்றாலும் தணிக்கையில் ஆட்சேபமாம். உங்கள் பிரதியில் நான் கதாநாயகன் கண்ட கனவாகிவிட்டேன். சாகவுமில்லை, பிறக்கவுமில்லை. நான் சாப்பிட்டதை வெட்டிவிட்டார்கள். அவன் கண் விழிக்கும்போது ஜன்னலோரம் காலிக் கிண்ணம் மட்டும் இருக்குமாம். கனவென்றால் அதைத் தின்றது யார் என்று தணிக்கைக்காரர்கள் கேட்கவில்லை. நீயும் போய்ப் பார், யாரிடமும் கேட்காதே. நான்தான்.