மூட்டை சுமந்த துரோகி

கட்டிலுக்கு அடியில் இல்லை. துணி அலமாரியில் இல்லை. கருவிப் பெட்டிக்குள், ஸ்பானர்களுக்கு நடுவிலும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. ஹாலில் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தாயிற்று. பச்சை நோட்டைக் காணோம்.

நாலு வருடமாகச் சனிக்கிழமை மதியம் தவறாமல் நடக்கிற ஆட்டம் அது. மெக்கானிக் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் அந்தக் கதைக்குள் இறங்கி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். பல் டாக்டர்தான் மந்திரவாதி. தையற்கடை அக்கா வாள் வீராங்கனை. மெக்கானிக்கின் மனைவிக்குத் தம்பியான மச்சான், திருடன்.

கோட்டைச் சாவியை டிராகனிடம் கொடுத்த துரோகி யார் என்பது இன்றைக்கு வெளிப்பட வேண்டும். அந்தப் பெயர், கதை முழுவதையும் அவர் முன்கூட்டியே எழுதி வைக்கிற பச்சை நோட்டில் இருந்தது. மூன்று முறை அடித்து அடித்து எழுதியதில், கடைசியாக யாரை வைத்தோம் என்பது அவருக்கே மறந்து தொலைந்திருந்தது.

போன வாரம் டாக்டர் வேறு ஒரு குண்டைப் போட்டிருந்தார். "தப்பா நினைக்காதீங்க சார். எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருக்கு. இந்தக் கதையோட நிறுத்திக்கலாம்னு பாக்கறேன்."

டாக்டர் போனால் ஆட்டமே போச்சு. வாரம் முழுக்க இருட்டு லிஃப்ட் குழியில் தொங்குகிற மனிதருக்கு, ராஜ்ஜியம் கட்டி ஆளக் கிடைத்தது அந்த ஒரு மதியம்தான்.

நோட்டு தொலைந்ததைச் சொன்னால் மானம் போகும். வெறுங்கையோடு வந்து கம்பீரமாக உட்கார்ந்தார்.

"நோட்டு இல்லாமலா?" என்றார் டாக்டர்.

"எல்லாம் இங்க இருக்கு," என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார் மெக்கானிக்.

அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் மின்விசிறியைப் பார்த்தான்.

நேரத்தைக் கடத்த வேண்டுமே. "எதிரே ஒரு கதவு," என்று ஆரம்பித்தார்.

"கதவா?" டாக்டர் முகம் வெளுத்தது. "கயிறு, கொக்கி எல்லாம் வாங்கிட்டு வந்தோமே!"

கெட்டிக்காரர்கள்தான். கிணறு வருகிற வாரம் கயிறும், குகை வருகிற வாரம் தீப்பந்தமும் இல்லாமல் இவர்கள் வந்ததே கிடையாது. இன்றைக்கு மட்டும் என்னவோ, தாழ்ப்பாள்கூட இல்லாத ஒரு கதவைத் தட்டினார்கள், முகர்ந்தார்கள், மந்திரம் போட்டார்கள். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் திருடன் தள்ளியதும் கதவு திறந்து, அவன் குப்புற விழுந்தான்.

அவருக்கு நினைவிருந்தவரை சந்தேகத்துக்கு உரியவர்கள் சத்திரக்காரர், தளபதி, ராணி என்று மூன்று பேர். ஆளைக் குறைத்தால் தேவலை என்று தோன்றியது. "உள்ளே சத்திரக்காரர் செத்துக் கிடக்கிறார்."

"அவரைப் போன வருஷமே புதைச்சாச்சே தம்பி," என்றாள் அக்கா. "நான்தானே குழி வெட்டினேன்!"

"இது... அவரோட இரட்டைப் பிறவி."

"அப்ப நாம புதைச்சது யாரை?" டாக்டர் எழுந்தே நின்றுவிட்டார்.

மெக்கானிக்குக்கும் அதுதான் புரியவில்லை. "அதானே!" என்று மர்மமாகச் சிரித்து வைத்தார்.

"அத்தான், வந்து... ஒரு விஷயம்..." என்று மச்சான் வாயைத் திறந்தான். மேசைக்கு அடியில் யாரோ உதைக்க, "ஒண்ணுமில்ல," என்று முழங்காலைத் தடவிக்கொண்டான்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மெக்கானிக்கின் மனைவி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளறையில் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தாள்.

அடுத்து தளபதியைத் தீர்த்தார். ராணியைப் பத்திரமாக வைத்திருந்து, கடைசியில் அவள் தலையில் பழியைப் போடலாம் என்று கணக்குப் போட்டார். பகடை கவிழ்த்துவிட்டது. தளபதியைக் காப்பாற்றக் குறுக்கே பாய்ந்து அவளும் போய்ச் சேர்ந்தாள்.

"துரோகி யார் சார்? சொல்லுங்க!"

மெக்கானிக் சுற்றிலும் பார்த்தார். டிராகனையும் இந்த மூன்று பேரையும் விட்டால் கதையில் உயிரோடு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். முதல் வாரத்திலிருந்து அவர்கள் மூட்டையைச் சுமந்து வந்த பிராணி.

"கழுதை," என்றார்.

"நாலு வருஷமா என் கையால புல்லு போட்டேனே!" அக்காவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

"எல்லாத் திட்டத்தையும் அது முன்னாடிதானே பேசினோம்!" டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், நான் எங்கயும் போகல. நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் நான் இப்படிக் குழம்பினேன். அடுத்த வாரமும் வரேன்!"

எல்லோரும் போனதும் மெக்கானிக் மிதந்துகொண்டே உள்ளே போனார். "நோட்டு இல்லாமலே அசத்திட்டேன், தெரியுமா? ஆனா அந்தப் பச்சை நோட்டு எங்கதான் போச்சோ."

மனைவி விடைத்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க போகும்? இந்த வாரம் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கிற முறை என் தம்பிக்கு. திருப்பி வைக்க மறந்துட்டான் போல."