கடுவன் தெரிவு மாநாடு

நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கும் கூட்டங்கள் கொழும்பில்தான் நடக்கின்றன என்று நம்புகிறவர்கள், கோப்பாயில் தியாகராசா அதிபரின் வீட்டு விறாந்தையைப் பார்த்ததில்லை. அங்கே தலைமையுரை இல்லாமல் தேங்காய்கூடப் பறிப்பதில்லை. பள்ளிக்கூட அதிபர் வேலையிலிருந்து அவர் ஓய்வுபெற்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பள்ளிக்கூடம்தான் அவரை விட்டது. கூட்டங்களை அவர் விடவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் அவருடைய மனைவி பராசக்தி ஒருநாள் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சாருங்கோ, எனக்கொரு நாய்க்குட்டி வேணும். பொமேரியன் மாதிரி, சின்னனாய், மடியிலை வைச்சிருக்கக் கூடியதாய்."

"என்னத்துக்கு?"

"கதைக்கிறதுக்கு."

"ஏன், நான் இருக்கிறன் தானே?"

"நீங்கள் உரையாற்றுவியள். கதைக்கமாட்டியள்."

அதிபர் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். அன்றைக்கே இருவரும் ஓட்டோ பிடித்துக் குருநகருக்குப் போனார்கள். அங்கே லூர்த்தம்மா என்பவர் வீட்டில் பொமேரியன் குட்டி போட்டிருந்தது. மிச்சம் இருந்தவை இரண்டு: ஒரு கடுவன், ஒரு பெட்டை.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்தில் நாயில் ஆண் கடுவன், பெண் பெட்டை. மனிதரில் ஆண் பெடியன், பெண் அதே பெட்டைதான். சொற்சிக்கனத்தில் எங்கள் ஊரை மிஞ்ச ஆளில்லை.

கடுவன் குட்டி அதிபரின் செருப்பைக் கடித்தது, மின்விசிறியைப் பார்த்துக் குரைத்தது, பிறகு கேற்றுக்குக் கீழால் நழுவி ஒழுங்கைக்குள் ஓடிவிட்டது. லூர்த்தம்மா பின்னால் ஓடிப்போய்த் தூக்கி வந்தார். பெட்டைக்குட்டி பராசக்தியின் சேலைத் தலைப்பை மணந்து பார்த்துவிட்டு மடியில் ஏறி நித்திரையாகிவிட்டது.

"எனக்கு இது போதும்" என்றார் பராசக்தி. அவருடைய கை குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தது.

விசயம் அவ்விடத்திலேயே முடிந்திருக்க வேண்டும். அப்படி முடிந்தால் அதற்குப் பெயர் குடும்பம், நிர்வாகம் அல்ல.

"அவசரப்படாதையும்" என்றார் அதிபர். "உது கூடிக் கதைச்சு எடுக்கவேண்டிய முடிவு." பிறகு லூர்த்தம்மாவிடம் திரும்பினார். "இரண்டிலை எது சிறந்தது?"

"நீங்கள் எடுக்கிறதுதான் சேர் சிறந்தது."

"அப்ப மற்றது?"

"அதை ஆரும் கேட்டு வந்தா அதுவும் சிறந்ததுதான்."

இப்படிப்பட்ட நடுநிலையை அதிபர் தம் சேவைக்காலத்தில் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வரை இரண்டையும் விற்காமல் வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டு, மடியில் கிடந்த குட்டியை அவரே தூக்கி இறக்கிவிட்டார். பராசக்தி வழி நெடுக ஒன்றும் கதைக்கவில்லை. அதிபர் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்.

ஞாயிறு மாநாடு கூடியது. தலைவர், அதிபர். சிறப்பு அதிதி, பக்கத்து வளவு வீட்டுக்காரர் பரமலிங்கம்; வங்கி முகாமையாளராக இருந்து இளைப்பாறியவர், கடன் கேட்டு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எதையும் சந்தேகிக்கப் பழகியவர். "சர்வதேசப் பேராளர்", கனடாவில் ஸ்காபரோவிலிருந்து வட்ஸ்அப்பில் வந்த மகன் செந்தூரன். அவன் வந்திருந்த கைபேசி சரிந்து விழாமல் ஒரு கதலி வாழைப்பழச் சீப்பில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

சீப்பைக் கொண்டுவந்தவள் மகள் சிவகௌரி. நீர்வேலியில் கலியாணம் முடித்துக் கொடுத்த பிள்ளை. ஒன்றுவிட்ட ஒருநாள் ஸ்கூட்டியில் வந்து, அப்பாவின் பிறஷர் குளிசையை எண்ணி வைத்து, அம்மாவுக்குத் தலை வாரி இழுத்துவிட்டுப் போவாள். மாநாட்டுக்கு அவளுக்கு அழைப்பில்லை.

"அவள் இன்னொரு வீட்டுக்குப் போன பிள்ளை. எங்கடை வீட்டு விசயத்திலை அவளை ஏன் கரைச்சல் படுத்துவான்?" என்று அதிபர் பெருந்தன்மையோடு விளக்கியிருந்தார்.

பராசக்தியை அவர் மறக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் விடுவது, தேத்தண்ணி, வடை, இறுதியில் நன்றியுரை. மகளிர் பங்களிப்பில் இந்த மாநாடு எந்தப் பாராளுமன்றத்துக்கும் குறைந்ததல்ல.

விளக்கேற்றித் தேவாரம் பாடி முடிந்ததும் தலைவர் எழுந்தார். கடுவனே காவல், கடுவனே கம்பீரம், கடுவனே வீட்டின் தூண் என்று முழங்கினார். அடுத்துச் சிறப்பு அதிதி.

"பெட்டை எண்டா பெரிய பொறுப்பு அண்ணை. காலம் வந்தா ஊர்க் கடுவனெல்லாம் படலையடியிலை வந்து நிக்கும். வெளியிலை விடவும் ஏலாது, உள்ளுக்கை பூட்டி வைக்கவும் ஏலாது. என்னதான் பாத்துப் பாத்து வளர்த்தாலும் அது ஆரோ ஒருத்தன்ரை வளவுக்குப் போற பொருள்."

"அருமையான கருத்து."

"அதுசரி, சாதி சுத்தமோ?"

"தாயும் தகப்பனும் ஒரே சாதியாம்."

"அதுதான் முக்கியம்."

இந்தக் கேள்வியை மனிதரிடம் கேட்பதை எங்கள் ஊர் எப்போதோ நிறுத்திவிட்டது. இப்போது நாய்க்கு மட்டும்தான் கேட்கிறோம். மனிதருக்கு, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்வதோடு சரி.

பிறகு சர்வதேசம் பேசியது. செந்தூரன் தடித்த குளிர்ச்சட்டையோடு காருக்குள் இருந்தான்.

"அப்பா, யோசிக்காமல் கடுவனை எடுங்கோ. வயசான காலத்திலை வீட்டோடை ஒரு ஆம்பிளைத் துணை வேணும். கடுவன் எண்டா கடைசி வரைக்கும் உங்களை விட்டிட்டு எங்கையும் போகாது. எனக்கும் இஞ்சை நிம்மதி."

வடைத் தட்டோடு வந்த பராசக்தி கைபேசிக்கு முன்னால் நின்றுவிட்டார். "நீ எப்ப தம்பி வாறாய்?"

"அது நிகழ்ச்சி நிரலிலை இல்லை" என்றார் தலைவர் அவசரமாக. அந்தக் கேள்வி அவருக்குள்ளும் இருந்தது. பதிலுக்குப் பயந்துதான் அவர் அதை நிரலில் சேர்க்கவில்லை.

"வாற கோடைக்குக் கட்டாயம் வாறன் அம்மா."

அவன் கனடாவுக்குப் போன ஆண்டிலிருந்து, ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் நிறைவேறிவரும் தீர்மானம் அது. தீர்மானம் மட்டும்தான் நிறைவேறும்.

கடுவனை எடுப்பது என்று "ஏகமனதாக" முடிவாயிற்று. வீரபாகு என்ற பெயரும் முன்மொழியப்பட்டு வழிமொழியப்பட்டது. "இனி நன்றியுரை" என்று அறிவித்துவிட்டு அதிபர் வடையை எடுத்தார்.

பராசக்தி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தலைவருக்கு நன்றி. பரமலிங்கம் தம்பிக்கும் நன்றி. கடுவன் எண்டா கடைசி வரைக்கும் எங்களை விட்டிட்டு எங்கையும் போகாது எண்டு கனடாவிலை இருந்து சொன்ன மகனுக்கு விசேஷமாய் நன்றி."

அதிபரின் வடை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"ஆரோ ஒருத்தன்ரை வளவுக்குப் போன பெட்டை கொண்டுவந்த வாழைப்பழத்திலைதான் இவ்வளவு நேரமும் மகனைச் சாத்தி வைச்சிருக்கிறியள். அவளுக்கும் ஒரு நன்றி சொல்லவேணும். அவளுக்குத்தான் அழைப்பில்லை."

பரமலிங்கம் தேத்தண்ணிக்குள் எதையோ தேடினார். அப்போது குசினிப் பக்கமிருந்து கீச்சென்று ஒரு குரல் கேட்டது. அது தேவாரமும் அல்ல, வழிமொழிதலும் அல்ல.

"விடியவே குருநகருக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்திட்டாள்" என்றார் பராசக்தி.

சிவகௌரி அந்தப் பெட்டைக்குட்டியோடு வெளியே வந்தாள். அது அவள் கையிலிருந்து துள்ளி இறங்கி, தலைவரையும் சிறப்பு அதிதியையும் கடந்து, நேரே பராசக்தியின் காலடிக்கு வந்து சேர்ந்தது. பராசக்தி அதைத் தூக்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டார். அவர் அப்படிச் சிரித்து அதிபர் பார்த்து எவ்வளவோ காலம்.

"அப்ப, தீர்மானம்?" என்றார் அதிபர். குரலில் தலைமை இல்லை.

"தீர்மானம் கடுவனுக்குத்தானே. அது அப்பிடியே இருக்கட்டும்."

வாழைப்பழச் சீப்பிலிருந்து செந்தூரனின் குரல் வந்தது. "என்னம்மா, நான் அவ்வளவு சொல்லியும்! ஒரு கடுவனை எடுத்திருந்தால் என்ன?"

"எடுத்திருப்பன் ராசா. செந்தூரன் எண்டு பேரும் வைச்சிருப்பன். ஆனா நாய் எண்டால், கூப்பிட்டால் வரவேணுமெல்லோ?"